கூறைப்புடவையின் கருகிய ஓரம்

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புனேயில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸின் முன் அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், என் வீட்டுக்காரர், என் தம்பி. இது எங்கள் பக்கம். தம்பிக்குப் பேசி முடித்திருந்த பெண், அவளுடைய அம்மா, அவளுடைய தாய்மாமன், அந்த மாமாவின் மனைவி. இது அவர்கள் பக்கம். என் மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். என் மாமியார் தன் சின்ன மகன் வீட்டுக்குப் போயிருந்தார். இதை ஏன் இவ்வளவு திருத்தமாக எழுதுகிறேன் என்றால், தீக்குச்சியைக் கிழித்தது யார் என்ற பேச்சு பிறகு வந்தபோது, அங்கே இல்லாதவர்கள்கூட நேரில் பார்த்ததுபோலச் சொன்னார்கள். என் மாமியார் புகை எந்தப் பக்கம் போனது என்பதைக்கூடச் சொன்னார்.

பெண் வீட்டார் மராத்திக்காரர்கள், கசார்வாடியில் இருப்பவர்கள். பெண்ணும் தம்பியும் மகர்பட்டாவில் ஒரே ஆபீஸ். அவர்களாகவே பார்த்து, அவர்களாகவே முடிவு செய்து, கடைசியில்தான் எங்களிடம் சொன்னார்கள். எங்களுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அதனால் மாப்பிள்ளைக்கு அம்மாவும் நானே, அக்காவும் நானே. எந்த நேரத்தில் எதுவாக இருக்க வேண்டும் என்று அந்தக் கல்யாணம் முடியும்வரை எனக்குத் தெரியவில்லை. அவர்கள் மராத்தியிலும் இந்தியிலும் பேசியதை எனக்கு விளங்கியபடி தமிழில் எழுதுகிறேன். விளங்காத இடங்களும் உண்டு.

அவர்கள் வந்தது கூறைப்புடவையைப் பார்க்க. எங்கள் மாயவரம் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுக்கிற புடவை கூறை. கட்டம் போட்டது. பட்டும் பருத்தி நூலும் கலந்து நெய்தது. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ அதைத் தட்டில் வைத்து எடுத்துப் போய்ப் பெண் கையில் கொடுப்பாள். பெண் அதைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் தாலி ஏறும்.

என் கல்யாணத்தில் கூறை இல்லை. அப்பா இறந்த வருஷத்துக்குள்ளேயே முடிக்க வேண்டும் என்று அவசர அவசரமாக நடந்த கல்யாணம் அது. யாரோ கொடுத்த சிந்தெடிக் புடவையில் உட்கார்ந்தேன். அதன்பிறகு வீட்டில் குழாய் ஒழுகினாலும் சரி, அவருக்கு பிரமோஷன் தள்ளிப் போனாலும் சரி, என் மாமியார் வாயில் ஒரே வரிதான். "கூறை கட்டாம உள்ள வந்தவதானே!" அவர் சொல்வதை நான் நம்புகிறேனா இல்லையா என்று கேட்டால் பதில் தெரியாது. ஆனால் தம்பி பெண்டாட்டியை யாரும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்று மட்டும் மனசில் கெட்டியாக இருந்தது.

நான் எட்டாவதோடு நின்றவள். கன்டோன்மென்ட் பக்கம் ராணுவ யூனிஃபார்ம் தைக்கிற கடையில் பட்டனும் பேட்ஜும் வைத்துத் தைக்கிறேன். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுத்தால்கூட, ஏன் சரியாகக் கொடுத்தார் என்று யோசிப்பேன். அப்படிப்பட்டவள்தான் தனியாக மாயவரம் போய்க் கூறை எடுத்து வந்தேன்.

அங்கே ஒரு வீட்டின் முன்கட்டில் கடை. கடைக்கார அக்கா ஒருவர்தான் எல்லாம். அரக்கு நிறத்தில் மஞ்சள் கட்டம் போட்ட புடவையை அவர் விரித்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதே என்று பயமாகவும் இருந்தது. தொட்டால் ஒரு சமயம் பட்டு மாதிரி வழுக்கியது, ஒரு சமயம் வெயிலில் காய்ந்த வேட்டி மாதிரி மொடமொடவென்று இருந்தது. ஏன் முழுப் பட்டாக நெய்வதில்லை என்று கேட்டேன். "பட்டு மட்டும்னா இடுப்புல நிக்காதும்மா, வழுக்கும். நூல் பிடிச்சுக்கும்" என்றார் அக்கா. பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், நம்ம ஊர் வெக்கைக்கு மணவறையில் முழுப் பட்டு கட்டினால் பெண் மயக்கம் போட்டுவிடும், அதனால்தான் என்றார். புனேயில் எங்கள் கோயில் பூசாரி, பட்டு துவைக்காமலே மடி, நூல் துவைத்தால்தான் மடி, இரண்டும் இருந்தால் எந்தக் குறையும் வராது என்றார். மூன்றும் சரியாகத்தான் பட்டது. மூன்றும் எப்படிச் சரியாக இருக்கும் என்றும் பட்டது.

புடவையின் விலை எட்டாயிரத்து ஐந்நூறு. அதை முழுசாகக் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். டீயும் கேசரியும் முடிந்ததும் தட்டில் மஞ்சள், குங்குமம், பூவோடு புடவையை எடுத்து வந்து வைத்தேன். பெண் குனிந்து பார்த்து, "எவ்வளவு அழகா இருக்கு தாயி!" என்றாள். மராத்தியில் அக்காவைத் தாயி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அப்படிக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு கணம் திக்கென்று இருக்கும்.

பெண்ணின் அம்மா தாய்மாமனின் மனைவியைப் பார்த்தார். மாமா, மாமி என்பது அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே சொல் என்பதால், முதல் நாளிலிருந்தே எல்லோரும் அவரை மாமி என்றுதான் கூப்பிட்டோம். மாமி கசார்வாடியில் புடவைக்கு ஃபால் தைத்து, பிக்கோ அடித்துத் தரும் கடை வைத்திருப்பவர். அன்று பச்சை உடலும் சிவப்பு முந்தானையுமாக இர்கல் புடவை கட்டி வந்திருந்தார். நிற்பதே ஒரு தோரணை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முந்தானையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு விரலால் தேய்த்தார். பிறகு தம்பியிடம் கேட்டார்.

"நவர்தேவ், இதுதான் அந்தக் காஞ்சிவரமா?"

நவர்தேவ் என்றால் மாப்பிள்ளை. தம்பி பெருமையாகத் தலையாட்டினான். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. காஞ்சிவரமா? யார் சொன்னது?

"ப்யூர் சில்க்?"

"ப்யூர் சில்க் மாமி. எங்க கல்யாணத்துல அதுதான் வழக்கம்" என்றான் தம்பி.

அவனுக்குத் தமிழ் வீட்டில் பேசுகிற அளவுக்குத்தான். கூறை என்ற சொல் அவன் காதில் நூறு தடவை விழுந்திருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவன் ஒரு தடவையும் கேட்டதில்லை. தமிழ்க் கல்யாணப் புடவை என்றால் காஞ்சிப்பட்டு என்று ஆபீஸில் எல்லோரும் சொல்வதை அவனும் எடுத்துக்கொண்டிருக்கிறான். நான் அப்போதே வாயைத் திறந்து, இது காஞ்சிபுரம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் தம்பி பொய் சொன்னதாகிவிடும், சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மாமி கேட்டுவிட்டார்.

"தீப்பெட்டி இருக்கா?"

புடவைக்காரர்களிடம் அப்படி ஒரு பழக்கம் உண்டு. இழை ஒன்றை உருவிக் கொளுத்திப் பார்ப்பார்கள். பட்டு என்றால் முடி கருகுகிற வாசனை வரும், கறுப்பாகச் சுருண்டு நிற்கும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, பறக்கிற சாம்பல். தறியிலிருந்து அறுத்த இடத்தில் முந்தானை ஓரமாக நான்கு விரல் நீளத்துக்கு நூல்கள் தொங்கிக்கொண்டிருந்தன, இன்னும் குஞ்சம் கட்டவில்லை. மாமி அதிலிருந்து ஓர் இழையை உருவினார். நான் சாமி அலமாரியிலிருந்து தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தேன். ஏன் எடுத்துக் கொடுத்தேன் என்று இன்றும் யோசிக்கிறேன். இல்லை என்று சொன்னால் சந்தேகப்படுவார்கள் என்று பட்டிருக்கும்.

இழை சட்டென்று பற்றி, சாம்பல் டீக் கோப்பைக்குள் விழுந்தது. மாமி முகர்ந்தார்.

"காட்டன்" என்றார்.

பெண்ணின் அம்மா தன் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். முடிந்தது, கல்யாணம் நின்றது, மாமியார் சொல்ல இன்னொன்று கிடைத்தது. இப்படித்தான் ஓடியது மனசு.

"இன்னொண்ணு எடுத்துப் பாருங்க மாமி" என்று சொல்லி நானே ஓர் இழையை உருவிக் கொளுத்தினேன். நன்றாக முடி கருகுகிற வாசனை. எனக்கே ஆச்சரியம். "பாருங்க, பட்டு!" என்றேன்.

மாமி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீ தீக்குச்சிக்கு மேல அவ்வளவு குனிஞ்சா உன் முடிதான் கருகும்."

நான் முன்நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் கருகவில்லை. ஆனாலும் அவர் சொன்னதும் சந்தேகம் வந்துவிட்டது. கண்ணாடியில் போய்ப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன்.

"நான் பார்க்கிறேன்" என்று மாமா எழுந்தார். அவர் அதுவரை கேசரியைத் தவிர எதற்கும் வாய் திறக்கவில்லை. அவர் எடுத்த இழை முடி வாசனை அடித்தது. "பட்டுதான்" என்றார்.

"அஹோ, உங்களுக்குப் பட்டு எது, பப்படம் எதுன்னு தெரியுமா? உட்காருங்க" என்றார் மாமி. அஹோ என்றால் நம்முடைய 'என்னங்க'.

தம்பி ஒன்றை எடுத்தான். காகித வாசனை. அவன் முகம் தொங்கிப்போயிற்று. "அக்கா, ஏமாத்திட்டாங்களா உன்னை? ரசீது இருக்கா?"

"ஏன்டா, நான் போய் வாங்கினது கூறைடா. நீ எதுக்குடா காஞ்சிவரம்னு சொன்னே?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படிடா ஒண்ணு?"

"எனக்கு என்ன தெரியும்? நீ சொல்லித் தந்தியா?"

நாங்கள் தமிழில் பேச ஆரம்பித்ததும் அவர்கள் மராத்தியில் பேச ஆரம்பித்தார்கள். பெண் மட்டும் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணின் அம்மா ஓர் இழை கொளுத்தினார். முடி என்றார், உடனே இல்லை என்றார், மறுபடி முகர்ந்துவிட்டு தெரியவில்லை என்றார். ஒரே புடவை, ஒரே ஓரம். ஒருவர் எடுத்தால் பட்டு, இன்னொருவர் எடுத்தால் நூல். கூறையில் பட்டும் நூலும் கலந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்தான். ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்தது, பாலில் டிகாஷன் கலக்கிற மாதிரி ஒவ்வொரு இழையிலும் இரண்டும் சேர்ந்திருக்கும் என்று. அப்படியென்றால் எல்லா இழையும் ஒரே வாசனை அல்லவா வர வேண்டும்? இப்படி மாறி மாறி வந்தால் என்ன அர்த்தம்? கடைக்கார அக்கா பழைய நூலை நடுநடுவே சேர்த்துவிட்டாரா?

"என்னங்க, நீங்க ஒரு தடவை மோந்து பாருங்களேன்" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"எனக்கு எல்லாமே டீசல் வாசனைதான்டி." அவர் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். "ஒவ்வொண்ணா உருவிக்கிட்டு இருந்தா பொழுது போயிடும். ச்சலோ, மொத்தமா பார்த்திருவோம்."

சொல்லிக்கொண்டே அவர் முந்தானை நூல்களில் ஒரு பிடியை முறுக்கிப் பிடித்து, புடவையிலிருந்து பிரிக்காமலே, தீக்குச்சியைக் கிழித்து வைத்துவிட்டார்.

நான் கத்தினேனா, பெண்ணின் அம்மா கத்தினாரா, சரியாக நினைவில்லை. தீ நூல்களின் மேல் ஒரு வரிசையாக ஓடியது. பெண் சட்டென்று தன் துப்பட்டாவைச் சுருட்டி அதன்மேல் அழுத்தினாள். மாமா டீக் கோப்பையில் மிச்சமிருந்ததை ஊற்றினார். அணைந்துவிட்டது. முந்தானையின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓரம் பழுப்பேறி, டீ வடிந்துகொண்டிருந்தது.

என்னால் பார்க்க முடியவில்லை. கூறையைக் கொளுத்திவிட்டோம். கல்யாணத்துக்கு முன்னால், பெண் கண் எதிரே, நாங்களே.

முதலில் பார்த்தவள் அந்தப் பெண்தான். "இங்க பாருங்க" என்று கருகிய மூலையைத் தூக்கிப் பிடித்தாள். முன்பு அடர்த்தியாகத் தொங்கிய நூல்களில் பாதி, அடிவரை எரிந்து காணாமல் போயிருந்தன. மீதிப் பாதி, நுனியில் மட்டும் கறுப்பு மணியாகச் சுருண்டு அப்படியே நின்றன. ஒன்று இல்லை, ஒன்று இருக்கிறது. ஒன்று இல்லை, ஒன்று இருக்கிறது. பல் விழுந்த சீப்பு மாதிரி வரிசையாக.

எல்லோரும் குனிந்தோம். யாரும் யாருக்கும் விளக்கவில்லை. ஓர் இழை முழுப் பட்டு, பக்கத்து இழை முழு நூல், இப்படித்தான் அகலம் பூராவும் மாற்றி மாற்றி ஓடியிருக்கிறது. அவரவர் கைக்கு எது அகப்பட்டதோ அது வாசனை அடித்திருக்கிறது. எல்லோர் மூக்கும் சரிதான்.

"அகபாய்!" என்றார் மாமி. அது ஆச்சரியமா, கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. "அப்ப இது பாதிக்குப் பாதி."

"ஆமாம் மாமி. கூறைன்னா அப்படித்தான். முழுப் பட்டா இருந்தா அது கூறையே இல்ல."

"அப்ப ப்யூர் சில்க்னு ஏன் சொன்னீங்க?"

"நான் சொல்லலையே!"

ஆறு பேரும் தம்பியைப் பார்த்தோம். அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான். "நான் கூகுள்ல..." என்று ஆரம்பித்தான். "நீ பேசாதே" என்றாள் பெண். அதைத் தமிழில் சொன்னாள். அவள் என் எதிரில் பேசிய முதல் தமிழ் அதுதான்.

பிறகு நடந்ததுதான் நான் நினைத்துப் பார்க்காதது. மாமா தன் நாற்காலிக்கு அடியில் வைத்திருந்த துணிப்பையை எடுத்தார். மாமி, "இப்ப வேண்டாம், அஹோ, வேண்டாம்" என்று கையைப் பிடித்தார். மாமா கேட்கவில்லை. பையிலிருந்து மஞ்சள் புடவை ஒன்றை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சின்னச் சிவப்புக் கரை. தொட்டுப் பார்த்தேன், சாதாரணப் பருத்தி.

"அஷ்டபுத்ரி. எங்கள்ல தாய்மாமன் கொடுக்கிறது. பெண் முகூர்த்தத்துல இதைத்தான் கட்டணும்" என்றார் மாமா.

"எண்ணூறு ரூபாய்ப் புடவை" என்றார் மாமி. அவர் குரல் இறங்கியிருந்தது. "இவங்க வீட்டுல காஞ்சிவரம் வருது, ப்யூர் சில்க் வருதுன்னு வீடு பூராவும் பேச்சு. அதுக்குப் பக்கத்துல இதை எப்படி வைக்கிறது? மூணு நாளா எனக்குத் தூக்கம் இல்ல."

அதனால்தான் கொளுத்திப் பார்த்தாரா? எங்களுடையதும் நூல்தான் என்று ஆகிவிட்டால் அவர்களுக்கு நிம்மதியா? அல்லது எங்களைச் சமாதானப்படுத்த அப்போது சொன்ன பேச்சா? நான் மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் எங்களை எடைபோட வருகிறார்கள் என்று நான் மூன்று நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். அவரும் அதே மூன்று நாள் தூங்கவில்லை என்கிறார். நம்பலாமா என்றும் தெரியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

ஆனால் கருகியது கருகியதுதான். பெண் சொன்னாள், "ஓரத்தை வெட்டிட்டா போச்சு. முந்தானை நாலு விரல் குறையும், அவ்வளவுதானே? நான் இதையே கட்டிக்கிறேன்."

"தீ பட்டதை மணப்பெண் உடம்புல போடக் கூடாது" என்றார் பெண்ணின் அம்மா.

"எங்கள்லயும் கூடாது" என்றேன் நான்.

அவர்கள் வந்ததிலிருந்து இரண்டு வீடும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்புறம் முகூர்த்தத்தில் எது? மஞ்சளா, கூறையா? இதற்கு அவர்கள் பக்கத்து குருஜியைக் கேட்க வேண்டும், எங்கள் பூசாரியைக் கேட்க வேண்டும். மாலைக்குள் இரண்டு பேரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமாதான் முடிவு சொன்னார். அவர்கள் முறைப்படி பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே திரைத்துணி பிடித்து மந்திரம் சொல்லி அரிசி போடுகிற வரைக்கும் மஞ்சள். அப்புறம் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்து, தாலிக்குக் கூறை. எல்லோரும் தலையாட்டினோம். ஆனால் கூறை எங்கே? கல்யாணத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

அவர்கள் கிளம்பியதும் மாயவரத்துக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா, அதுக்குள்ள ரெண்டாவது கூறை? மாப்பிள்ளைக்கு ரெண்டு பொண்ணா?" என்றார் கடைக்கார அக்கா.

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"கொளுத்திப் பார்க்கிறதுக்காம்மா பாவு ஓட்டி நெய்யறோம்? ஒத்தை இழை பட்டு, ஒத்தை இழை நூல்னு போறது, கண்ணாடி வச்சு உத்துப் பார்த்தாலே தெரியுமே. உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் அந்தப் பக்கமா உட்காரச் சொல்லும்மா."

"அதே அரக்கு இருக்காக்கா?"

"அது தறியில இப்ப இல்ல. சிவப்புல கடுகு நிறக் கட்டம் இருக்கு. அதே விலைதான். உன்கிட்ட இப்ப எவ்வளவு இருக்கு?"

என்னிடம் மூவாயிரம்தான் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

"அனுப்பு. மீதியைக் கல்யாணம் முடிஞ்சு குடு. கூறைக்குக் கறாரா நிக்க முடியுமா?"

அவர் ஏன் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டார் என்று இரவெல்லாம் யோசித்தேன். புடவை மட்டமாக இருக்குமோ? வராமலே போய்விடுமோ? கூரியர் ஆபீஸுக்கு நடையாக நடந்தேன். வந்தது. பிரித்துப் பார்த்தேன். முதல் புடவையைவிட நன்றாக இருந்தது என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றுவது அந்த முதல் புடவைக்குச் செய்கிற துரோகமோ என்றும் தோன்றியது. தீப்பெட்டியை எடுத்து மாடிவீட்டு அம்மாளிடம் கொடுத்து, கல்யாணம் முடிகிறவரை அவரிடமே இருக்கட்டும் என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கதை அதற்குள் கோர்படி ரயில்வே காலனி முழுக்கத் தெரிந்திருந்தது.

கல்யாணத்தன்று மஞ்சள் புடவையில் அவள் நின்றாள், நடுவில் திரைத்துணி, எல்லோரும் அரிசி போட்டார்கள். அதன்பிறகு நான் தட்டை எடுத்துப் போய்க் கூறையைக் கொடுத்தேன். அம்மாவாகக் கொடுக்கிறேனா அக்காவாகக் கொடுக்கிறேனா என்று கடைசி நிமிஷம் வரை குழப்பம். மண்டபத்தில் நாற்காலி அடுக்கி வைக்கிற அறையில்தான் புடவை மாற்ற இடம். மாமியும் நானும்தான் கட்டிவிட்டோம். எங்கள் பக்கம் கொசுவம் வைக்கிற மாதிரி நான் வைக்க, மாமி அவிழ்த்துவிட்டு அவர் மாதிரி வைத்தார். நான் மறுபடி அவிழ்த்தேன்.

"நேரமாகுது, யாராவது ஒருத்தர் கட்டுங்க!" என்று பெண் அழாத குறை. வெளியே பூசாரி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"நீயே வை" என்று மாமி கையை எடுத்துக்கொண்டார். "உங்க புடவை, உங்க மடிப்பு." கீழே உட்கார்ந்து அடிக்கரையை மட்டும் இழுத்துச் சரி செய்தார். அப்போது அவர் விரலால் புடவையைத் தேய்த்துப் பார்த்ததை நான் பார்த்தேன். அவர் பார்த்ததை நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "நல்ல துணி" என்றார்.

தம்பி இரண்டு முடிச்சுப் போட்டான். மூன்றாவது நாத்தனார் முடிச்சு, அது என்னுடையது. போட்டேன். சரியாக இறுகியதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். "கழுத்தை நெரிக்காதீங்க தாயி" என்றாள் அவள் மெதுவாக. என் மாமியார் முன்வரிசையில் இருந்து எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, "பரவால்ல, கூறை கட்டித்தான் தாலி ஏறிருக்கு" என்றார். அது எனக்குச் சொன்ன குத்தலா, அவளுக்குச் சொன்ன வாழ்த்தா என்று யாரிடம் கேட்பது? அழுகை வந்தது. அதற்குக் காரணமும் தெரியவில்லை.

கருகிய புடவையை மாமி கேட்டு வாங்கிக்கொண்டார். தன் கடையிலேயே ஓரத்தை வெட்டி, பிக்கோ அடித்து, சங்கராந்திக்கு அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் கொடுத்த அன்று அதைத்தான் கட்டியிருந்தார். நானும் போயிருந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் முந்தானையை விரித்துக் காட்டி, "ஒண்ணு விட்டு ஒண்ணு, பாருங்க, பட்டு, நூல், பட்டு, நூல்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அது எடுப்பாகவே இருந்தது. மணப்பெண்ணுக்கு ஆகாதது அவருக்கு எப்படி ஆகும் என்று கேட்க வாய் வரவில்லை.

பணம்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கல்யாணத்தன்று மாமி ஒரு கவரில் இரண்டாயிரம் போட்டுக் கொடுத்து, "மீதி அப்புறம்" என்றார். எதில் மீதி? கருகிய புடவைக்கு அவர் மனசில் என்ன விலை வைத்திருக்கிறார்? தீப்பெட்டி கேட்டது அவர், கிழித்தது என் வீட்டுக்காரர், காஞ்சிவரம் என்று சொன்னது தம்பி. தம்பி, "நான் போடுறேன்க்கா, விடு" என்கிறான். என் வீட்டுக்காரர், "மாமிகிட்ட கேளு, புடவை அங்கதானே இருக்கு" என்கிறார். மாமியிடம் கேட்டால், போக இருந்த உறவு கூடி வந்திருக்கிற இந்த நேரத்தில் ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். கேட்காமல் இருந்தால் கடைக்கார அக்கா என்ன நினைப்பார் என்று இன்னொரு பயம். அவர் போன வாரமும் போன் பண்ணினார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெண் எப்படி இருக்கிறாள், வீட்டில் தீப்பெட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். மாமியின் இரண்டாயிரத்தை அன்றே அவருக்கு அனுப்பிவிட்டேன். நான் முன்பு அனுப்பிய மூவாயிரத்தையும் சேர்த்துக் கழித்தால், அவருக்கு நாங்கள் இன்னும் தர வேண்டியது மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.